கடையின் பின்னறையில் ஒரு பள்ளிக்கூடம்

அமெரிக்க நாட்டின் தென் கரோலைனா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுக நகரை ஒட்டி ஜான்ஸ் தீவு என்றொரு தீவு இருக்கிறது. 1957ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 7ஆம் நாள் இரவு, அத்தீவிலிருந்த கூட்டுறவுக் கடையொன்றின் பின்னறையில் பதினான்கு பேர் வந்து அமர்ந்தனர். அனைவரும் கறுப்பின மக்கள். வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்து உரமேறிய கையினர். அவ்வறைக்குச் சன்னல் கிடையாது. காற்றும் வெளிச்சமும் வேண்டாமென்று யாரும் சன்னலை விலக்குவதில்லை. உள்ளே நடப்பதை வெள்ளையர் எட்டிப் பார்த்துவிடக் கூடாதென்பதே காரணம். முன்புறத்தில் மளிகைச் சாமான்கள், பின்புறத்தில் கரும்பலகை. கடைக்குச் செல்வோரைப்போல வந்து கல்வி கற்றுச் சென்றனர்.

பாடம் சொல்ல நின்றவர் பெர்னிஸ் ராபின்சன் என்னும் பெண்மணி. அவர் ஆசிரியர் அல்லர். ஆசிரியப் பயிற்சியும் பெற்றதில்லை. பெண்களுக்குச் சிகையலங்காரம் செய்வதும் ஆடை தைப்பதும் அவர் தொழில். சார்ல்ஸ்டன் வட்டாரத்தில் பயிற்சி பெற்ற கறுப்பின ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டுத் தலைவாரிவிடும் ஒருவரைத் தேடிப் பிடித்தது ஏன்? தேடிப் பிடித்தவரோ நாற்பதாண்டு ஆசிரியப் பணியில் பழுத்த செப்டிமா கிளார்க் அம்மையார். விவரம் அறியாமல் செய்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு அண்மைக்கால நூலொன்று துணை செய்கிறது. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் தொடர்பியல் பேராசிரியரான கேத்தரின் நைட் ஸ்டீல் அம்மையார் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டிஜிட்டல் பிளாக் ஃபெமினிசம்’ என்னும் நூல் அது. கைப்பேசியிலும் கணினியிலும் கூடிப் பேசுகின்ற கறுப்பினப் பெண்களின் சமூகங்களை அவர் ஆராய்கிறார். இணையம் வந்தபின் தோன்றிய புதுமை என்று பலர் கருதும் இக்கூட்டங்களுக்குப் பழைய வேர் உண்டென்பது அவர் கொள்கை. அந்த வேரைக் காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொள்ளும் உவமை வேறொன்றுமன்று. கறுப்பினப் பெண்களின் சிகையலங்காரக் கடைதான். அங்கே தொழில் நடக்கும், பணம் புழங்கும், கருவிகள் கையாளப்படும். அத்தோடு, அயலார் செவிக்கு எட்டாமல் பேச்சும் வாதமும் நடக்கும். பேராசிரியர் சொல்வதன் முழுப் பொருளும் விளங்கவேண்டுமாயின், ஜான்ஸ் தீவின் வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

நாற்பதாண்டுப் பணியும் ஒரு கடிதமும்

செப்டிமா கிளார்க் 1898ஆம் ஆண்டில் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். தந்தையார் அடிமையாகப் பிறந்தவர். தாயார் சலவைத் தொழில் செய்தவர். 1916ஆம் ஆண்டில் ஏவரி கல்விச்சாலையில் படிப்பை முடித்து ஆசிரியராகத் தகுதி பெற்றார். ஆயினும் சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் அவருக்கு இடமில்லை. கறுப்பினக் குழந்தைகள் பயிலும் பள்ளிகளிலும் வெள்ளை ஆசிரியர்களே பணியாற்றிய காலம் அது. ஆகவே, கடல்நீர் சூழ்ந்த ஜான்ஸ் தீவுக்குச் சென்றார்.

அங்கே ஆசிரியர் இருவர். மாணவர் 132 பேர். தலைமைப் பொறுப்பும் சேர்த்து வகித்த கிளார்க்குக்குக் கிடைத்த ஊதியம் 35 டாலர். எதிரிலிருந்த வெள்ளையர் பள்ளியிலோ மாணவர் மூவர். அவர்களுக்குக் கற்பித்தவருக்கு 85 டாலர். நூல்களும் போதவில்லை. துணி வெளுப்பவர் கடையில் துணி சுற்றித் தரும் காகிதப் பைகளை விரித்து, அவற்றின்மேல் அத்தீவின் மரங்களையும் விலங்குகளையும் பற்றிக் கதை எழுதிப் பாடமாக்கினார். பகலில் பிள்ளைகள்; இரவில் பெற்றோர். முதியோர்க்கு எழுத்தறிவிக்கும் பழக்கம் அவருக்கு அந்நாளிலேயே ஏற்பட்டது. பாடநூல் இல்லாத ஆசிரியர் தாமே பாடநூல் ஆகிவிடுவதுண்டு. அதைப் பட்டறிந்தவர்களுக்கு இங்கே விளக்கம் வேண்டியதில்லை.

நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களையும் அமர்த்த வேண்டும் என்ற இயக்கத்துக்காக 1919ஆம் ஆண்டில் வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். மறு ஆண்டே அந்தக் கதவு திறந்தது. பின்னர்க் கொலம்பியா நகரில் பணியாற்றுகையில், ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் வேண்டும் என்ற வழக்கிலும் அவர் உழைப்பு இருந்தது. 1945ஆம் ஆண்டில் அவ்வழக்கு வென்றது. இவற்றுக்கெல்லாம் பின்னின்ற அமைப்பு நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம்.

பள்ளிகளில் நிறவேற்றுமை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் சினங்கொண்டன. 1956ஆம் ஆண்டில் தென் கரோலைனா அரசு ஒரு சட்டம் செய்தது: மாநிலத்திலோ நகராட்சியிலோ ஊதியம் பெறுவோர் எவரும் அச்சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது. கிளார்க் தம் உறுப்பினர் பதவியை மறைக்கவுமில்லை, விடவுமில்லை. வேலை போயிற்று. நாற்பதாண்டுப் பணிக்குரிய ஓய்வூதியமும் போயிற்று.

அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. அச்சட்டத்தை எதிர்க்குமாறு கறுப்பின ஆசிரியர் 726 பேருக்கு அவர் தம் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினார். உடன் நிற்க வந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஏனையோரைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. மாதந்தோறும் கைக்கு வரும் சம்பளமும், அதை நம்பியிருக்கும் குடும்பமும் அறிந்தவர் அவ்வாறு சொல்லத் துணியார். கிளார்க்கும் பிற்காலத்தில் அதைத் தம் தோல்வியாகவே எண்ணினார்; ஆயத்தமாகாதவர்களைத் தாம் நெருக்கிவிட்டதாகக் கருதினார். அரசு தரும் ஊதியத்தை வாங்கும் நா அரசுக்கு எதிராக அசைவது அரிது என்ற உண்மையை அவர் 726 கடிதங்கள் எழுதிக் கற்றுக்கொண்டார்.

இதற்கு முன்னும் ஒரு சான்று உண்டு. ஐடா பி. வெல்ஸ் என்பார் 1862ஆம் ஆண்டில் அடிமையாகப் பிறந்து, மெம்பிஸ் நகரில் ஆசிரியராகப் பணியாற்றியவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளிகளின் சீர்கேட்டைத் தாம் நடத்திவந்த ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழில் வெளிப்படையாக எழுதினார். 1891ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியை இழந்தார். மறு ஆண்டில், கறுப்பினத்தாரைக் கும்பலாகக் கூடிக் கொல்லும் கொடுமையைக் கண்டித்து எழுதியபோது அச்சுக்கூடமே அழிக்கப்பட்டது. எழுதியும் பேசியும் தம் மக்களை ஒன்றுகூட்டிய கறுப்பினப் பெண்களின் மரபில் வெல்ஸ் அம்மையாரைப் பேராசிரியர் ஸ்டீலும் முன்வைக்கிறார்.

வகுப்புக்கு வந்த தேவை

வேலை இழந்த கிளார்க்கை அழைத்துக்கொண்டது, டென்னசி மாநிலத்து மலைப்பகுதியில் மைல்ஸ் ஹார்ட்டன் 1932இல் தொடங்கிய ஹைலாண்டர் மக்கள் பள்ளி. வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே மேசையில் உண்டு, ஒரே அறையில் கலந்துரையாடிய இடம் அது. அக்காலத் தென் மாநிலங்களில் அதுவே பெருங்குற்றம். 1955ஆம் ஆண்டுக் கோடையில் கிளார்க் அங்கு நடத்திய பயிலரங்குக்கு மான்ட்கொமரி நகரிலிருந்து ரோசா பார்க்ஸ் வந்திருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பேருந்தில் இருக்கையை விட்டெழ மறுத்துச் சிறைப்பட்டவர் அவரே.

ஜான்ஸ் தீவிலிருந்து ஹைலாண்டருக்கு வந்தவர் இசா ஜென்கின்ஸ். தீவு மக்களை நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிவந்தார். வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள விரும்புவோர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. எழுத்தறியாத மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திவைக்க இதைவிட நாகரிகமான தந்திரம் வேண்டியதில்லை. ஜென்கின்ஸ் ஓடும் பேருந்திலேயே பயணிகளுக்கு அச்சட்டப் பகுதிகளைப் படித்துச் சொல்லிவந்தார். ஆலிஸ் வைன் என்ற பெண்மணி அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்து பதிவும் பெற்றுவிட்டார். பெற்றும் அவர் மனம் நிறையவில்லை. உண்மையாகவே படிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார். வகுப்பு வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு மாணவரிடமிருந்தே வந்தது.

கூடுவதற்கு இடம் எளிதில் கிடைக்கவில்லை. இறுதியில் ஜென்கின்சும் தோழர்களும் நடத்திய முன்னேற்றச் சங்கம், ஹைலாண்டரிடம் 1,500 டாலர் கடன் பெற்று ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தை விலைக்கு வாங்கியது. முன்புறம் கடையாயிற்று, பின்புறம் வகுப்பாயிற்று.

ஆசிரியராக வர உறவுமுறையில் தங்கையான பெர்னிஸ் ராபின்சனைக் கிளார்க் வற்புறுத்தியதன் காரணம் இப்போது விளங்கும். ராபின்சனின் கைக்குப் பணம் தருவோர் அனைவரும் கறுப்பினப் பெண்கள். எந்த அரசு அலுவலரும் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. நீக்குவதற்கு வேலையே அவர்கள் தந்ததன்று. இது ஒரு பாதி. மறு பாதி, அவர் பழகிய பழக்கம். நாள் முழுதும் ஒருவர் தலையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைச் செவிமடுப்பவர் மனிதரைப் புரிந்துகொள்கிறார். ‘உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்’ என்று வகுப்புக்குள் நுழையும் இயல்பு அவரிடம் இல்லை. பயிற்சி பெற்றவர்களிடம் அவ்வியல்பு சற்றே உண்டு என்பதைக் கிளார்க் அறிந்திருந்தார். தாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவர்தாமே!

முதல் இரவு, தாம் ஆசிரியர் அல்லர் என்றும், சேர்ந்தே கற்போம் என்றும் ராபின்சன் சொன்னார். சிறுவர்க்குரிய முதல் வகுப்புப் பாடப் பொருள்களைக் கொண்டு வந்திருந்தார். வளர்ந்தவர்களுக்கு அவை பொருந்தவில்லை என்பதை உடனே கண்டுகொண்டு ஒதுக்கிவிட்டார். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். பெயரெழுதக் கற்க வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். அஞ்சல்வழிப் பொருள் வாங்கும் படிவத்தையும் மணியார்டர் தாளையும் நிரப்ப வேண்டும். செய்தித்தாள் படிக்க வேண்டும். வாக்குப் பதிவுக்குரிய சட்டப் பகுதியைப் படிக்க வேண்டும் என்றனர். அதுவே பாடத்திட்டமாயிற்று. எந்தக் கல்விக் குழுவும் கூடி வரைந்ததன்று அது. சுவரில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிவைத்தார். வகுப்பு முடிவதற்குள் அதை அனைவரும் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வயல்வேலை குறைந்த குளிர்காலத்தில் வகுப்பு நடந்தது. பெயரெழுத இயலாதோர்க்கு அட்டையில் பெயரை எழுதித் தந்து, அதன்மேலேயே மீண்டும் மீண்டும் விரலும் பென்சிலும் ஓடச் செய்தார். ஒருநாள், மாணவர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, தம் பெயரைக் கண்டுபிடிக்குமாறு அறுபத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவரைக் கேட்டார். அம்மூதாட்டி ராபின்சன் கையிலிருந்த கோலை வாங்கி, பலகையருகே சென்று, தம் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தொட்டுக் காட்டினார். தமக்கு மெய்சிலிர்த்த கணம் என்று ராபின்சன் பிற்காலத்தில் அதை நினைவுகூர்ந்தார்.

வகுப்புகள் பெருகின. அருகிலிருந்த வாட்மலா, எடிஸ்டோ தீவுகளிலும் தோன்றின. வட சார்ல்ஸ்டனில் ஒரு வகுப்பு உண்மையாகவே சிகையலங்காரக் கடையிலேயே நடந்தது. 1959இல் காவலர் ஹைலாண்டரில் புகுந்து கிளார்க்கைக் கைது செய்தனர். 1961இல் அப்பள்ளியின் உரிமம் பறிக்கப்பட்டது. அதற்குள் இந்தக் குடியுரிமைப் பள்ளிகள் மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலிருந்த அமைப்பின் பொறுப்புக்கு மாற்றப்பட்டிருந்தன. ஜார்ஜியா மாநிலத்தில் டார்செஸ்டர் என்னுமிடத்தில் கிளார்க்கும் டோரதி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் ஆசிரியர்களைப் பயிற்றினர். பயிற்சிக்கு வந்தோர் விவசாயிகள், தையல்காரர், சமையல் செய்வோர், சிகையலங்காரம் செய்வோர். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்திலிருந்து எழுந்த ஃபேனி லூ ஹேமர், 1963ஆம் ஆண்டு ஜூனில் இத்தகைய பயிற்சியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் வினோனா நகரில் சிறைப்பட்டுக் கொடிய அடிபட்டார். கல்வி அங்கே அத்தனை விலையுள்ள பொருளாக இருந்தது. 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடந்தன என்பது கிளார்க் தரும் கணக்கு. எழுத்தறிவுத் தேர்வு என்னும் தடையை 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் நீக்கிற்று.

இத்தனையும் செய்தவரைத் தம் இயக்கத்து ஆடவர் எவ்வாறு மதித்தனர்? செயற்குழுவில் இவர் ஏன் இருக்கிறார் என்று ஒரு தலைவர் அடிக்கடி கேட்டதுண்டு. எல்லா ஊர்வலங்களுக்கும் தாமே தலைமை ஏற்காமல் பிறரையும் தலைவர்களாக வளர்க்க வேண்டும் என்று கிங்குக்கு அவர் எழுதிய கடிதம் கூட்டத்தில் படிக்கப்பட்டபோது சிரிப்பொலிதான் எழுந்தது. மேடைப் பேச்சு வரலாறாகிறது. பின்னறைப் பாடம் வரலாற்றில் ஒரு வரியாகச் சுருங்கிவிடுகிறது.

பொறியும் பேச்சும்

சிகையலங்காரத் தொழில் அரசியலுக்கு நிழல் தந்தது 1957இல் தொடங்கியதன்று. கூந்தல் தைலம் விற்றுச் செல்வம் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கர், 1917ஆம் ஆண்டில் தம் விற்பனைப் பெண்களை ஃபிலடெல்ஃபியாவில் மாநாடாகக் கூட்டினார். வணிகம் பேசக் கூடிய அம்மகளிர், கறுப்பினத்தார் கும்பல்களால் கொல்லப்படுவதைத் தடுக்குமாறு அமெரிக்க அதிபர் வில்சனுக்குத் தந்தி அனுப்பினர்.

பொறியின் வரலாறும் உண்டு. ரோசா பார்க்ஸ் சிறைப்பட்ட 1955 டிசம்பர் 1ஆம் நாள் இரவு, அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் ஜோ ஆன் ராபின்சன், கல்லூரியிலிருந்த சைக்ளோஸ்டைல் பொறியில் விடியவிடியப் பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டியெடுத்தார். ஸ்டென்சில் தாளும் கையில் ஒட்டும் மையும் ஆசிரியர்களுக்குப் புதியனவல்ல. இரவில் கல்லூரிப் பொறியை இதற்குப் பயன்படுத்துவதில் உள்ள ஆபத்தையும் அவர்கள் அறிவர். மறுநாள் அத்தாள்கள் பள்ளிகளையும் கடைகளையும் சிகையலங்கார நிலையங்களையும் சென்றடைந்தன. திங்கட்கிழமை கறுப்பினத்தார் பேருந்துகளைப் புறக்கணித்தனர். அப்புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பொறி ஓரிரவில் ஓடியது. ஆனால் யார் எந்தத் தெருவுக்குத் தாளைக் கொண்டு செல்வது என்பதை, 1946இல் தோன்றிய மகளிர் அரசியல் மன்றத்தார் பல திங்களுக்கு முன்பே வகுத்து வைத்திருந்தார்கள்.

பேராசிரியர் ஸ்டீலின் ஆய்வு இவ்விடத்தில் வந்து பொருந்துகிறது. கறுப்பினப் பெண்கள் தொழில்நுட்பத்துக்குப் பின்தங்கியவர்கள் என்ற எண்ணத்தை அவர் மறுக்கிறார். அடிமைக் காலம் தொட்டே கையிலிருந்த கருவியைத் தம் தேவைக்கு வளைத்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள்; கணினி அவ்வரிசையில் கடைசியாக வந்தது. 2013ஆம் ஆண்டில் அலிசியா கார்சா, பட்ரீஸ் கல்லர்ஸ், ஓபல் டொமெட்டி என்னும் மூன்று பெண்கள் இணையத்தில் இட்ட ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்ற முழக்கம் நாடெங்கும் பரவியபோது, செய்தியாளர் பலர் கருவியையே புகழ்ந்தனர். கருவிக்கு முன்னே பேச்சு இருந்தது. பேச்சுக்கு முன்னே ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் இருந்தது. ஸ்டீல் இதை நூலில் எழுதியதோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றையும் பண்பாட்டையும் மின்னியல் கருவிகளோடு இணைத்துக் கற்பிக்கவும் ஆராயவும் மேரிலாந்தில் அமைந்த திட்டத்துக்கு முதல் இயக்குநராகவும் இருந்தார்.

இணையக் கூட்டங்களை அவர் வெறுமனே போற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சே விற்பனைப் பொருளாகும்போது என்ன நேரும் என்பதற்கு நூலில் ஒரு முழு இயலை ஒதுக்குகிறார். சிகையலங்காரக் கடையிலும் பணம் கைமாறியது உண்மையே. ஆனால் கடை அவர்களுடையது.

ஜான்ஸ் தீவின் பின்னறைக்குச் சன்னல் இல்லை; கட்டடமும் அங்கே கூடியவர்களின் சங்கத்துக்கே சொந்தம். இன்றைய கூடங்களின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. யாரும் எட்டிப் பார்க்கலாம், ஏசலாம். கட்டடமோ வேறொருவருடையது. கறுப்பின மக்கள் பல்லாண்டு கூடிப் பேசி ‘பிளாக் ட்விட்டர்’ என்றே பெயர்பெறச் செய்த ட்விட்டர் நிறுவனத்தை, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். மறு ஆண்டு அதன் பெயரும் மாறிற்று. உள்ளே கூடியிருந்தோரை எவரும் கேட்கவில்லை.

செப்டிமா கிளார்க் தம் ஓய்வூதியத்துக்காக இருபதாண்டு காத்திருந்தார்; 1976ஆம் ஆண்டில் மாநில அரசு அதைத் திரும்ப வழங்கிற்று. அதற்கு முந்திய ஆண்டு சார்ல்ஸ்டன் வட்டாரப் பள்ளிக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. 1987ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தம் முதற்பணியைத் தொடங்கிய அதே ஜான்ஸ் தீவில் காலமானார்.